நேற்றும் நாளையுமான கல்

பக்கத்து மனையில் வீடு எழும்புகிறது. தரைக்கு ஓடு பதிக்க வடநாட்டிலிருந்து வந்திருக்கும் தொழிலாளியிடம் வீட்டுக்கார அம்மையார் இன்று காலை, "எப்பப்பா முடிப்ப?" என்று கேட்டார். அவன் சிரித்தபடியே, "கல், அம்மா" என்றான். "கல்லு இன்னாத்துக்கு? அதான் ஓடு வாங்கிப் போட்டிருக்கே!" என்றார் அவர். தெருவே சிரித்தது. பூசையில் பதிகம் ஓதிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் அடுத்த அடி நாவில் எழவில்லை. அறுபது ஆண்டுகளாக ஓதிவரும் பாட்டு, நண்பரே. எழுந்தேன், அமர்ந்தேன், மறுபடி எழுந்து வாசல்வரை நடந்தேன். ஏற்றிய கற்பூரம் தானே எரிந்து அணைந்தது. அதன் புகையில், வெடி வைத்த பாறையின் கரிந்த நெடி கலந்திருப்பதாகத் தோன்றியது.

'கல்' ஓரசைச் சொல்தான். தமிழில் அது பாறைத்துண்டு. 'படி' என்று ஏவுவதற்கும் அதுவே. ஹிந்தியில் அது நேற்று; நாளையும் அதுவே. போதாக்குறைக்கு, நம் பதிகங்களில் பத்தர் என்றால் அடியார். ஹிந்திக்காரர் வாயில் பத்தர் என்றால் பாறாங்கல். இதை அறிந்த நாளில் நான் தனியே சிரித்துத் திரிந்தேன். அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. சொற்களின் விளையாட்டு எவரையும் காயப்படுத்தாது என்று நம்பும் வயது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஜவ்வாது மலைக்குச் சாலை வெட்டிய ஒப்பந்தக்காரரிடம் நான் கணக்கெழுதும் ரைட்டர். பாறைக்கு வெடி வைக்கும் மேஸ்திரி கிஷன்லால், ராஜஸ்தான்காரர். திருப்பத்தூரில் ஹிந்தியின் முதற்பரீட்சை ஒன்றை நான் எப்படியோ தேறியிருந்தேன். ராமன் மாம்பழம் தின்கிறான் என்பதைத் தாண்டி ஒரு வாக்கியமும் உறுதியாக வராது. ஆயினும் அவருக்கும் மலைக்காரர்களுக்கும் இடையே நானே மொழிபெயர்ப்பாளன் என்று ஆகிவிட்டது. மறுக்க என் பெருமை இடங்கொடுக்கவில்லை. பதிலுக்கு அவருக்குத் தமிழ் கற்பித்தேன்: சோறு, தண்ணி, கல்.

சாலை போகவேண்டிய ஒரு வளைவில், பெரும்பாறையை ஒட்டி ஓர் ஆள் உயரத்தில் ஒரு கல் நின்றது. வில்லேந்திய வீரன் ஒருவன் அதில் மங்கலாகத் தெரிவான். மலைக்காரர்களுக்கு அவன் வேடியப்பன். சாமை அறுத்ததும் முதற்கதிரை அங்கே வைப்பது குப்பம்மாள் குடும்பத்தின் உரிமை. வளைவுக்கு மேலேதான் அவர்கள் நிலம்.

அன்று காலை கிஷன்லால் அந்தக் கல்லைக் காட்டிக் குப்பம்மாளிடம் ஏதோ கேட்டார். 'எப்போது அப்புறப்படுத்துவீர்கள்' என்பது கேள்வி என்று பின்னால்தான் தெரிந்தது. 'எப்போது' என்ற அந்தச் சிறு சொல் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இன்னாங்க ரைட்டரே, இவுருகிட்ட பேசறப்ப மட்டும் மென்னு மென்னு முழுங்கறீங்க? இன்னா கேக்கறாரு?" என்றாள் குப்பம்மாள்.

"இந்தக் கல்லப் பத்திக் கேக்கறார்" என்றேன்.

அவள் மேஸ்திரியை நேரே பார்த்து, "கல் இல்லீங்க, எங்க வூட்டு சாமி" என்றாள்.

அவர் காது பிடித்துக்கொண்டது முதற்சொல் ஒன்றையே. "கல்? டீக் ஹை, கல்" என்று தலையசைத்தார்.

என் மாணவன் தமிழ் பேசுகிறான் என்று நான் பூரித்தேன். "சாமிக் கல்லுதான், சரின்னு ஒத்துக்கினார். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"அப்போ தொடமாட்டாரே?"

"மாட்டார்."

"ரைட்டரு சொன்னா சரிங்க" என்று போய்விட்டாள்.

மறுநாள் பிரதோஷம். பேச்சு நடந்த அன்று நண்பகலே விடுப்புச் சொல்லிவிட்டுத் திருப்பத்தூருக்கு இறங்கினேன். மறுநாள் மாலை கோயிலில் நந்திக்கருகே நின்று உருகி உருகிப் பாடினேன். அதை இப்போது எழுதவும் கூசுகிறது.

மூன்றாம் நாள் அடிவாரத்தில் பேருந்தை விட்டு இறங்கி மலை ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே எங்கள் லாரி வந்தது. உள்ளே கிஷன்லால். "அந்த பத்தர்?" என்று கேட்டேன், அவர் மொழியில் கேட்ட மிடுக்கோடு. அவர் தலையை நீட்டி, "கல், ரைட்டர்ஜி, கல்!" என்று சிரித்து மேலும் ஏதோ சொன்னார். அதை எஞ்சின் விழுங்கியது. லாரி போயிற்று.

அப்போதுதான் பரீட்சைக்கு உருப்போட்ட சொற்பட்டியல் நினைவில் எழுந்தது. கல்: நேற்று, நாளை. எது என்பதை வினைச்சொல்தான் காட்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்த வினைச்சொல்லோ புழுதியில் போய்விட்டது.

நாளை என்றால் இன்னும் ஒரு பகல் இருக்கிறது. நேற்று என்றால்? ஓடினேன், நின்றேன், மூச்சு வாங்கி மறுபடி ஓடினேன். நாளை, நாளை என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னேன். வாழ்நாளில் அத்தனை மெய்யாக நான் எதையும் வேண்டியதில்லை.

வளைவில் வெளிச்சம் கூடுதலாக இருந்தது. பெரும்பாறை நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. முதல் நாள் அவர் சொன்ன நாளையும், மூன்றாம் நாள் சொன்ன நேற்றும் ஒரே நாள்தான். நான் கோயிலில் இருந்த நாள். கிஷன்லாலைக் குறை சொல்ல வழியில்லை. நண்பகல்வரை காத்திருந்தாராம். சாமியை எடுத்துக்கொண்டு கல்லை மட்டும் விட்டுப்போயிருப்பார்கள் என்று எண்ணி, ஊதுவத்தி ஒன்று கொளுத்திவிட்டே வெடிக்குத் திரி வைத்தாராம்.

குப்பம்மாள் சிதறலின் நடுவே குந்தியிருந்தாள். மஞ்சள் படிந்த துண்டுகள் இரண்டு மடியில் இருந்தன. என்னைக் கண்டதும் கத்தவில்லை.

"உங்க பேச்ச நம்பித்தான் புளியத் தூக்கினு சந்தைக்குப் போனேன்" என்றாள். பிறகு கையால் சுற்றிலும் காட்டினாள். "படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க. மிச்சத்துல எது சாமி, எது பாறை?"

எங்கும் நிறைந்தவன் என்று எத்தனை பாட்டுக் கற்றிருந்தேன்! குனிந்து இரண்டு துண்டுகளை எடுத்துப் பார்த்தேன்; கீழே வைத்தேன். அதற்குள் கூலியாட்கள் மறுபக்கத்திலிருந்து சம்மட்டியால் ஜல்லி உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் மடியிலிருந்த இரண்டு துண்டுகளோடு எழுந்துபோனாள். மீதி சாலையாயிற்று.

பின்னாளில் அந்த வழியே பேருந்தில் போகும்போதெல்லாம், வளைவு நெருங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி இருக்கையில் மடித்துக்கொள்வேன். "இன்னா பெருசு, கீழ எலி ஓடுதா?" என்று நடத்துநர்கள் கேலி செய்திருக்கிறார்கள். இப்போது சாலையை அகலமாக்கி, வளைவுகளைச் செதுக்கி நேராக்கிவிட்டார்கள். குப்பம்மாள் இல்லை. அந்தச் சாமை நிலத்துக்கும் அடையாளம் இல்லை. இந்த இடம்தான் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. சென்ற மாதம் போனபோது, அடிவாரத்திலேயே காலைத் தூக்கிக்கொண்டேன். இதுவோ, அடுத்ததோ என்று ஒவ்வொரு திருப்பமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முழங்கால் மரத்துப்போயிற்று. மலை ஏறி முடியும்வரை காலை எங்கே இறக்குவதென்று எனக்குத் தெரியவில்லை.