சூசைராஜ் தட்டிப் பார்த்த வண்டி

ஸ்ரீபெரும்புதூர் பெரிய ரோட்டில் என் சைக்கிள் கடைக்கும் சூசைராஜின் டிங்கரிங் ஷெட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இருபது வருடம் அவனோடு பேசிப் பழகினேன் என்று சொல்ல ஆசைதான். நான் பேசினேன், அவன் பக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

பென்னலூர்க்காரன். மனைவி சகாயமேரி எழுபத்து நாலில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஷெட்டைத் திறந்து, பாதியில் விட்டிருந்த மட்கார்டைத் தட்ட ஆரம்பித்தான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டான். அழவில்லை. சிரிப்பதையும் அன்றோடு விட்டுவிட்டான். மனிதனுக்கு இப்படி ஒரு மரத்த மனசு இருக்கக் கூடாது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அப்போதெல்லாம் புது பியட் கார் வேண்டுமென்றால் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் பழசைத் தேடி அலைந்தார்கள். நாலு வருடம் ஓடின வண்டி புதுசின் விலைக்கே கைமாறியது, சில சமயம் அதற்கு மேலேயும் போனது. அந்தக் கார் அவ்வப்போது பேரை மாற்றும், முன்பக்கக் கிரில்லை மாற்றும், உடம்பை மட்டும் மாற்றாது. அறுபத்தைந்தில் வந்த வண்டியின் பாகம் எழுபத்தெட்டில் வந்த வண்டியில் அப்படியே உட்காரும்.

"மூஞ்சிதான் வேற. ஒடம்பு ஒண்ணுதான்" என்பான் சூசைராஜ். அதுவே அவனுக்கு நீளமான பேச்சு.

அவனுக்கு இரண்டு பிழைப்பு. ஒன்று, டிங்கரிங். இன்னொன்று, பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வது. சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாவை எடுத்து வண்டியைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவான். நல்ல தகடு கணீரென்று சொல்லும். பட்டி பூசி மறைத்த இடம் மந்தமாகச் சொல்லும். கடைசியில் "வாங்கு" அல்லது "வேணாம்". தண்டலத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விலை. விற்கிறவனிடம் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டான், கூப்பிட்டவருக்கு மட்டும்தான் பதில் சொல்வான்.

எழுபத்தொன்பதில் புரோக்கர் தாண்டவராயன் இரண்டு பியட்டுகளைக் கொண்டுவந்து ஷெட்டில் தள்ளினான். புதுசுக்கு லாரி மோதிப் பின்பக்கம் போய்விட்டது. பழசுக்கு முன்பக்கம் துருப்பிடித்துப் போயிருந்தது. சூசைராஜ் இரண்டையும் நடுவில் அறுத்து, நல்ல பாதிகளைச் சேர்த்துப் பற்றவைத்து, பச்சைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். யாருக்குப் போகிறது என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அவனுக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அக்கா ரோஸியின் புருஷன் செல்வநாதன் மாலை போட்ட பச்சை பியட்டை மாதா கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். தண்டலத்தில் மளிகைக்கடைக்காரர். ரோஸி பேரில் இருந்த நிலத்தை விற்று வாங்கியிருந்தார். வாங்கும்முன் மச்சானை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாண்டவராயன் "உங்க மச்சான் பாத்த வண்டிதான்" என்று சொன்னானாம், அதுவே போதும் என்று விட்டுவிட்டார்.

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சூசைராஜ் பின்கதவைத் திறந்து, தரை விரிப்பை ஓரமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி விரித்துவிட்டான். ரோஸி கொடுத்த கேக்கை வாங்கித் தின்றான்.

மறுநாள் என்னிடம் சொன்னான், "தணிகாசலம், அது என் ஒட்டு."

நான் கத்தினேன். கூடப்பிறந்த அக்கா குடும்பம், மூன்று பிள்ளைகள், போய்ச் சொல்லடா என்றேன்.

"சொன்னா வெல போயிடும். சொல்லாட்டி ஓடிகினு இருக்கும்."

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை சர்வீஸ் என்று சொல்லி அந்த வண்டியை ஷெட்டுக்கு வரவழைப்பான். அடியில் படுத்து ஒட்டைப் பார்ப்பான். ஒரு தடவை கீழே இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தான். வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எண்பத்து நாலில் வடக்கேயிருந்து புது மாதிரி சின்னக் கார் வருகிறது என்று பேச்சு எழுந்ததும் பியட்டின் விலை இறங்க ஆரம்பித்தது. செல்வநாதன் பதறிப்போனார். மூத்தவள் அந்தோணிமேரிக்கு வல்லம் வடகாலில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கல்யாணச் செலவுக்கு அவர் நம்பியிருந்தது இந்த வண்டியை மட்டும்தான். ஒரகடத்து வாத்தியார் சுப்பராயன் நல்ல விலைக்குக் கேட்டார். என் வாடிக்கைக்காரர். வழக்கப்படி சூசைராஜைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

செல்வநாதன் சிரித்துவிட்டார். "எங்க மச்சானையே கூட்டிகினு வந்துட்டீங்களா வாத்தியாரே. அப்ப பேச்சே இல்ல."

எனக்குக் கூடக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. "வாங்கு" என்று சொல்லிவிடுவான், பெண் கல்யாணம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நாலணாவை எடுத்து முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். ரோஸி வாத்தியாருக்குக் காபி கொண்டுவந்து நின்றாள். பின்கதவுக்குக் கீழே வந்ததும் நிமிர்ந்தான்.

"வேணாம் வாத்தியாரே. ரெண்டு வண்டிய அறுத்து ஒட்டினது. ஒட்டினது நான்தான்."

செல்வநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் வண்டியைப் பிடித்துக்கொண்டார். "இது உனுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?"

"மந்திரிச்ச அன்னிக்கே தெரியும், மாமா."

ரோஸி காபியைத் தளும்பாமல் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு வருசமா இதுலதானே வேளாங்கண்ணிக்குப் போயிகினு வர்றோம், சூசை. புள்ளைங்க பின்னாலதானே குந்திகினு வருதுங்க."

"ஆமாக்கா."

வாத்தியார் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாதம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். ரோஸி தம்பி வீட்டு வாசல்படியை அதற்கப்புறம் மிதிக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. கூடப்பிறந்தவளிடம் ஐந்து வருடம் திறக்காத வாய், எவனோ ஒரு வாத்தியாரிடம் எப்படித் திறந்தது என்று கேட்டேன்.

நடந்துகொண்டே பதில் சொன்னான். "வாத்தியாரு பாத்துச் சொல்லுன்னு கூப்ட்டாரு. அக்கா கூப்டவே இல்லியே."