தராசு வாங்கிய இரண்டாவது லென்ஸ்

எங்கள் தொழிற்சாலையின் புகார்ப் பிரிவில் பக்கத்து மேசைக்காரருக்குத் தராசு என்று பெயர் வைத்தது நான்தான். பேனா வாங்கப் போனால்கூட இரண்டு கையிலும் ஒவ்வொன்றை வைத்து எடை பார்க்கிற மனிதர். நாங்கள் செய்து கொடுத்த குழாய்த் தாங்கி எங்காவது உடைந்தால், அவர் கேமராவோடு பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்து வருவார். அதை வைத்து நான் அறிக்கை தட்டுவேன். உடைந்த துண்டு அங்கேயே பழைய இரும்போடு போய்விடும்.

அவரிடம் இருந்தது ஒரே லென்ஸ். தாங்கி பூட்டிய இயந்திரம் முழுவதையும் அழகாகக் காட்டும். வெல்டிங்குக்குக் கிட்டே போனால் மசமசவென்று ஆகிவிடும்.

"தெளிவா இல்லையா? அப்போ வெல்டிங்தான் கோளாறு" என்பார் மேலாளர். அவருக்கு அது வசதி.

தாங்கி செய்யும் மேசையில் இரண்டு வெல்டர்கள் ஷிப்ட் மாறி வேலை செய்தாலும், பதிவேட்டில் இருப்பது மூத்தவர் பெயர்தான். அவர் இடதுகைக்காரர், தராசுவின் மனைவிக்கு அண்ணன். முதல் புகாரிலேயே அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று கடிதம் சேர்ந்தால் வேலை போய்விடும்.

"நான் வாயத் தொறந்தா மச்சானுக்குப் பரிஞ்சு பேசுறேம்பாங்க. படம்தான் பேசணும்" என்றார் தராசு. கூடவே எடுத்துப் போக, சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்குவதாக முடிவானது. நானும் நம்பினேன்.

பதினான்கு மாதம்! ஒன்று எட்ட நின்றே எடுக்கலாம், ஆனால் கனம். ஏற்கெனவே தோள்பட்டை வலி. இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும், ஆனால் ஒட்டி நின்றால்தான் எடுக்கும். தன் நிழலே விழும். மூன்றாவதில் மேக்ரோ என்று எழுதியிருக்குமே தவிர, அது பெயரளவுக்குத்தான். எல்லாவற்றையும் ஒரு தாளில் லிஸ்ட் போட்டு, நான்காய் மடித்துக் கேமராப் பையில் வைத்திருந்தார். தினமும் விரிப்பார், ஒன்றை அடிப்பார், மறுநாள் மறுபடி எழுதுவார்.

"பொண்ணு பாக்குறதுக்கே உங்களுக்கு ரெண்டு வாரந்தான் ஆச்சுன்னு உங்க வீட்டுக்காரம்மா சொல்றாங்க. இதுக்கு என்ன?" என்றேன்.

"பொறுங்க சார். தப்பா வாங்கிட்டா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு நடுவே இரண்டாவது தாங்கி உடைந்தது. பழைய லென்ஸ், பழைய மங்கல், இரண்டாவது கடிதம்.

மூன்றாவது புகார் வந்த அன்றுதான் மனிதர் கடைக்கு ஓடினார். உள்ளங்கை லென்ஸையே வாங்கினார். மறுநாள் இயந்திர இடுக்கில் தலையை நுழைத்து, நிழல் விழாமலிருக்க டிபன் பாக்ஸ் மூடியால் வெளிச்சம் அடித்து எடுத்து வந்தார். நெல்மணி அகல வெல்டிங் தையல், என் கம்ப்யூட்டர் திரையில் மீன் செதில் மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. நடுவில் ஊசித்துளை. குறை வெல்டிங்கில்தான். தராசுவின் முகம் செத்துப்போனது.

மச்சானைக் கூப்பிட்டோம். அவர் திரைக்கு முன்னால் இடதுகையைத் தூக்கி, அந்தரத்திலேயே ஒருமுறை வெல்டிங் செய்து பார்த்தார்.

"மாப்ள, இது என் கை இல்ல. தாங்கியை மேசையில ஒரே மாதிரிதான் பூட்ட முடியும். மத்தவங்க வலப்பக்கம் ஆரம்பிச்சு இடப்பக்கம் போவாங்க. நான் இடப்பக்கத்திலேருந்து வருவேன். செதில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு பாரு."

மேலாளர் நம்பவில்லை. மச்சானையே ஒரு தாங்கி செய்யச் சொல்லி, அதையும் அதே லென்ஸில் எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். செதில்கள் நேர் எதிர்த்திசை. மூன்றாவது கடிதம் கிழிந்தது.

"சார், அந்த ரெண்டாவது கடிதம்?" என்றார் மச்சான்.

"அந்தப் படத்துல ஒண்ணுமே தெரியலையே. அது அப்படியே இருக்கட்டும்" என்று மேலாளர் எழுந்து போனார்.

தராசு அந்தப் பழைய படத்தைத் திறந்தார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். சாம்பல் நிறம்தான் பெரிதானது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"விடு மாப்ள. அன்னைக்கு உன் பையில இந்த லென்ஸ் இல்லையே" என்றார் மச்சான்.

"லென்ஸ் இல்ல மச்சான்" என்றார் தராசு. "லிஸ்ட் இருந்துச்சு."