டாக்டரம்மா என்னையும் நடக்கச் சொன்னார்

நான்கு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அப்போது என் மகளுக்கு மூன்று வயது. பிறவியிலேயே கால் இரண்டும் வளைந்து, தாங்கித் தாங்கி நடப்பாள். கர்ப்பமாக இருந்தபோது என் மனைவி சரியாகச் சாப்பிடாமல் வேலைக்குப் போனதுதான் காரணம் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும் அதையே சொல்லிக் காட்டினேன். எனக்கும் கால் கோணல்தான். ஆனால் அது போலியோ என்று சொல்லியே என்னை வளர்த்திருந்தார்கள்.

எலும்புக்கு நல்லது என்று நானாகவே மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கி, தினமும் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்பேன்.

"இத குடுத்தாலே கொயந்த வாந்தி எடுக்குது. தண்ணி தண்ணின்னு அலையுது. வேணாங்க" என்றாள் மனைவி. உனக்கென்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன்.

அவள் விடவில்லை. பிடிவாதமாக எங்களை ரயிலேற்றி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே அதிகம், இன்னும் கொடுத்தால் கிட்னி கெட்டுவிடும், இன்றே நிறுத்துங்கள் என்றார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"நீங்களும் கொஞ்சம் நடந்து காட்டுங்க."

நடந்தேன். எனக்கும் எக்ஸ்ரே, மரபணுப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எலும்பு வளர ஒரு ஹார்மோன் வந்து தொட வேண்டிய இடத்தில் பிறவியிலேயே கோளாறாம். ஹார்மோன் தொடாமலே அந்த இடம் வேலை செய்துகொண்டே இருக்குமாம். அதனால்தான் எலும்பு வளைந்து, ரத்தத்தில் கால்சியமும் ஏறுகிறதாம். யாரும் அழுத்தாமலே ஆன் ஆகிக் கிடக்கிற சுவிட்ச் என்று எனக்கு உடனே புரிந்தது. எனக்கு வந்தது போலியோவே இல்லை. மகளுக்கு வந்தது என்னிடமிருந்துதான்.

வெளியே வந்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? பேசினவங்களாண்ட சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் எழுந்து நின்றேன்.

"கொயந்த காலு என்னாண்டருந்து வந்தது. டாக்டரே சொல்லிட்டாங்க. இனிமே எம் பொண்டாட்டிய யாராவது ஒரு வார்த்த சொன்னா, என்னைய சொன்ன மாதிரி."

மனைவி தலை நிமிராமல் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. பரிசோதனைக்கு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கால் ஆபரேஷனுக்கும் தயாராகிறோம், விடுவதாக இல்லை. ஆனாலும், பழி போட ஆள் தேடி நான் வீணாக்கிய அந்த மூன்று வருடங்களை நினைத்தால், இன்றும் என் மனைவியின் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.