பல்லிக்குக் காய்ந்த புண்

அன்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைச் சுற்றியும் இருந்தவர்கள் ஐந்து பேர். படுத்திருந்த நைனா, அவர் காலடியில் அம்மா, பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த மாமா, டாக்டர், நான். நர்ஸ் ஒருவர் பாதியிலேயே போய்விட்டார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

நைனா, என் அப்பா, திருத்தணி மலைக் கோயில் மடப்பள்ளிக்கு அரிசி மூட்டை ஏற்றுகிறவர். படியில் செருப்புப் போட மாட்டார். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், யாரோ உடைத்த சிதறுகாயின் ஓடு அவர் குதிகாலில் இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு நாலு நாள் ஏறினார். வீங்கிய பிறகுதான் கடைத்தெரு டாக்டரிடம் போனார். பத்து நாளைக்கு, தினம் மூன்று மாத்திரை, நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கும் நைனாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆறாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் வீட்டுக்குக் கம்பவுண்டர்.

அதே வாரம் சமையலறைக் கதவில் நசுங்கி ஒரு பல்லியின் வால் அறுந்துபோனது. அதற்கும் சீழ் பிடிக்கும், செத்துவிடும் என்று பயந்து தினமும் டியூப்லைட் பக்கம் அண்ணாந்து பார்ப்பேன். சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. அறுந்த இடம் காய்ந்து, அது பாட்டுக்குப் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. நைனாவிடம் சொன்னேன்.

"அது எந்த டாக்டராண்ட காட்டுதுன்னு கேட்டுகினு வாம்மா, நாமளும் அங்கயே போலாம்" என்றார்.

நாலாம் நாள் நைனாவின் புண்ணும் மேலே காய்ந்துவிட்டது. எனக்கு வேறு கவலை வந்தது. மாத்திரை எல்லாம் தீர்ந்த பிறகு மறுபடியும் ஓடு குத்தினால் என்ன செய்வது? பல்லிக்கு ஒன்றுமே இல்லாமல் காய்கிறதே, நைனாவுக்கு ராத்திரி ஒன்று போதாதா? யாரையும் கேட்கவில்லை. நான் கொடுத்ததை அவர் விழுங்கினார். மிச்சத்தைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மூன்றே வாரத்தில் உள்ளே சீழ் கோத்துக்கொண்டது. அதன்பிறகு போட்ட ஊசி எதுவும் கேட்கவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீழை எடுத்துச் சோதித்துவிட்டு, கிருமி எலும்புக்குப் போய்விட்டது, இருக்கிற மருந்து எதற்கும் அது அசையவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி மூட்டை தூக்க எத்தனை மாசம் ஆகும் என்று மட்டும் நைனா கேட்டார்.

பல்லிக்கு மட்டும் மருந்தே இல்லாமல் எப்படிக் காய்கிறது என்று நான் கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"அதுங்க உடம்புலயே கிருமியக் கொல்ற சரக்கு இருக்கும்மா. முதலை, ஆமையெல்லாம் அழுக்குத் தண்ணியிலயே கெடக்குது, ஆனா காயம் ஆறிடுது. அத வெச்சிப் புது மருந்து செய்ய முடியுமான்னு தேடிக்கினு இருக்காங்க. இன்னும் வரல. அதுவரைக்கும் இருக்கிற மாத்திரைய முழுசாப் போடணும். போட்டீங்களா?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலப் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தேன். பன்னிரண்டு மாத்திரைகள்.

"வீணாக்கல சார். மிச்சம் பிடிச்சி வெச்சிருக்குது."

டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார். யார் வைத்தது என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"நாந்தான் சார். கொயந்தைக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் என்னைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பினார். திரும்பி வந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு மாத்திரையால்தானா என்று உறுதியாகச் சொல்ல யாரும் இல்லை. சொந்தக்காரர்களுக்குச் சந்தேகமே இல்லை. புருஷன் காலைத் தின்றவள் என்று அம்மாவைக் கடைசிவரை சொன்னார்கள். அவள் ஒருமுறைகூட மறுத்ததில்லை. மறுவருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறி வேலைக்குப் போனேன். மெடிக்கல் ஷாப்புக்குப் போனால் பல்லி மருந்து வந்துவிட்டதா என்று இப்போதும் கேட்கிறேன். பல்லியைக் கொல்லவா என்கிறார்கள்.

மாத்திரைகளைக் கவிழ்த்த அன்று சாயங்காலம் மாமாவை நைனாவோடு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ரயில் ஏறினோம். அம்மா ஜன்னலோரம் இடம் பிடித்துக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அத்தனை நாள் பொறுப்பாகச் சேர்த்து வைத்தது நான். டாக்டரிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டது அவள். திருத்தணி வரும்வரை நான் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.