கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னிய குரோஷா

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அக்கரைச் சீமையில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். சித்தப்பா நாகப்பட்டினம் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, சித்தியைக் கப்பலில் அழைத்து வந்த வருஷம் அது. சித்தி கன்னிமாடப் பள்ளியில், கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா கற்றவள். வந்த மாதமே எங்கள் வரிசை வீட்டுப் பெண் குழந்தைகளையெல்லாம் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் ஊசியைக் கண்ணில் காட்டவில்லை. முதலில் சாக்குச் சணலை விரலாலேயே கோத்துச் சங்கிலி போடச் சொன்னாள். அது கைக்கு வந்ததும் மூங்கில் குச்சியில் கொக்கி செதுக்கித் தந்தாள். அதற்கடுத்த விளையாட்டுதான் எனக்கு ஆகாதது. கண்ணைத் துணியால் கட்டிவிடுவாள். விரலால் தடவியே கண்ணியைத் தேடிப் பின்ன வேண்டும். மற்ற பெண்கள் சிரித்துப் புரளுவார்கள். எனக்கோ கண் மறைந்ததுமே, எல்லாரும் என்னை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள் என்று தோன்றிவிடும்.

“பக்கத்துலதான் இருக்கேன். விரல் பார்த்துக்கும், நீ பின்னு” என்பாள் சித்தி. தானும் கட்டிக்கொண்டு பின்னுவாள். அப்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் தண்டவாளங்களுக்கு அப்பால் இருந்த சீனர் கடைக்கு நூல் வாங்க என்னை அழைத்துப் போனாள். திரும்பும்போது மழைக்கருக்கலில் பொழுது சீக்கிரமே இருண்டுவிட்டது. முதல் தண்டவாளத்தைத் தாண்டியதும் தடதடவென்று சத்தம் கேட்டது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, கூட்ஸ் பெட்டிகள் விளக்கில்லாமல் வந்துகொண்டிருந்தன. சித்தி சட்டென்று நின்றாள்.

“எந்தத் தண்டவாளத்துல வருது? முன்னாலயா, பின்னாலயா?”

நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

“சொல்லும்மா. எதுல வருது?”

“முன்னால, சித்தி.”

என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பெட்டிகள் முகத்துக்கு நேரே போய்க்கொண்டே இருந்தன. பயத்தில் என் பாவாடை நனைந்துவிட்டது.

“சரியாச் சொன்னே” என்றாள். சிறிது தூரம் நடந்த பிறகு, “வீட்டுல சொல்லிடாதே. என்னைக் கப்பல் ஏத்திடுவாங்க” என்றாள். என்னைத் தண்டவாளத்துக்குக் கூட்டிப் போனதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

பொழுது சாய்ந்தால் சித்திக்குக் கண் தெரியாது என்பதும், அது மேலும் மங்கிக்கொண்டு வந்தது என்பதும் வீட்டுக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. சித்தப்பா அவளை எங்கேயும் அனுப்பவில்லை.

அன்று வீட்டு வாசல்வரை அவள் என் கையை விடவேயில்லை. நான் பயந்துபோயிருக்கிறேனே என்றுதான் பிடித்திருக்கிறாள் என்று நம்பினேன்.