ஒட்டாவியா வாங்காத உப்பு

ரொக்காவெர்னாவில் உப்பைக் காசு கொடுத்து வாங்காத ஒரே வீடு ஒட்டாவியாவினுடையது என்று கேலி பேசுவார்கள். லாங்கே குன்றுகளில் எங்கள் ஊரைத் தேடி வருகிறவர்கள் ஒயினுக்காக வருவார்கள், இல்லையென்றால் நாவலுக்காக வருவார்கள். முதலாவதைக் குடித்துவிட்டு, இரண்டாவதில் வரும் இடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் மாதா கோயில் மணிக்கூண்டின் அடியில் ஆளுக்கொரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் துடைப்பத்தோடு வந்து அதைக் கூட்டுகிறவள் ஒட்டாவியா. கோயிலைப் பெருக்குவதும் மணிக்கூண்டின் சாவியை வைத்திருப்பதும் அவள் வேலை. கூட்டிய உப்பைக் குளிர்காலத்தில் படிகளில் பனி உறையாமல் தூவுவாள். கூண்டின் ஓரத்தில் அவள் நட்ட ஜெரேனியம் ஒவ்வொரு கோடையிலும் கருகிப்போகும். உப்பு மண்ணில் இலக்கியம் செழிக்கும், பூ செழிக்காது.

நாவலை எழுதியவர் இங்கே பிறந்து தூரினில் பெயர் வாங்கியவர். உப்பே கிடைக்காத போர்க்காலத்தில் காட்டில் ஒளிந்திருந்த மூன்று இளைஞர்களை, கோயில் மணியடிக்கிறவன் ஒரு மூட்டை உப்புக்காகக் காட்டிக்கொடுக்கிறான் என்பது கதை. மணி கேட்டுப் பையன்கள் இறங்கி வருகிறார்கள், கறுஞ்சட்டை போட்ட பாசிசச் சிப்பாய்கள் சதுக்கத்தில் வைத்துச் சுடுகிறார்கள். புத்தகத்தில் அந்த ஆளுக்கு வேறு பெயர். ஆனால் ஊரில் மணியடித்தவர் ஒருவர்தான், ஒட்டாவியாவின் அப்பா கௌதென்சியோ.

பையன்கள் இறங்கியதும் செத்ததும் நிஜம். மூட்டைதான் இல்லை. சிப்பாய்கள் ஊரைவிட்டுப் போனதும் மணி அடிப்பது, பையன்கள் சாப்பிட வருவது என்று ஏற்பாடு. அன்று சிப்பாய்கள் சதுக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மேற்கில் மேகம் எழுந்தது. உச்சி வெள்ளை, அடிவயிறு பச்சை. ஆலங்கட்டி. திராட்சைக் கொடிகளை நாசமாக்கும் அப்படி ஒரு மேகத்தைக் கண்டால் மணியடித்து உடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மணியோசைக்கு மேகம் உடைகிறதா என்று கேட்காதீர்கள். அடிக்காமல் விட்டுப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. கௌதென்சியோ கயிற்றைத் தொடாமல் நின்றார். கீழே ஊரே நின்று அடி, அடி என்று கத்தியது. மேகத்தைப் பார்த்தால் பையன்களுக்கே புரிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர்களோ தூரின் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள். ஆலங்கட்டிக்கும் மணியடிப்பார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னது? கடைசியில் அவர் அடித்தார்.

ஆலங்கட்டி அன்று விழவேயில்லை. அந்த வருஷத்து ஒயினை இன்றும் புகழ்கிறார்கள்.

நாவல் வந்தபோது ஊர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் கத்தியது யார் என்ற கேள்வி வந்திருக்கும். கௌதென்சியோ வீட்டுக்கு வெளியே வாயே திறக்காமல் செத்துப்போனார். ஒட்டாவியாவுக்குப் பக்கத்து ஊரில் மாப்பிள்ளை பார்த்து, மோதிரம் வரைக்கும் வந்து நின்றுபோயிற்று. புத்தகம் படிக்கிற மாமியார் வாய்த்தது அவள் துரதிர்ஷ்டம்.

கத்தியவர்களில் இன்று மிச்சமிருப்பவர் ரெமிஜியோ. ஊரிலேயே நல்ல தோட்டச் சரிவு அவருடையது. நாவல் சங்கத்தின் தலைவரும் அவரே. அவருடைய ஒயினுக்கு 'துரோகியின் மணி' என்று பெயர். போன வருஷம், சங்கம் நாவலுக்காக நடத்தும் ஆகஸ்ட் விழாவுக்கு முன்னால், சாராயக்கடையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த அவரிடம் ஒட்டாவியா போய் நின்றாள்.

"ரெமிஜியோண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்கதான பேசப்போறீங்க?"

"ஆமா. ஏன், முன்வரிசைல நாற்காலி வேணுமா?"

"ஒரே ஒரு வார்த்தை சேத்துச் சொல்லுங்க. அன்னிக்கு ஆலங்கட்டி மேகம் வந்துச்சு, ஊரு அடிக்கச் சொல்லுச்சு, எங்கப்பா அடிச்சாரு. அவ்வளவுதான்."

ரெமிஜியோ ஒரு சீட்டை இறக்கினார். "உப்பு மூட்டைன்னா ஜனங்க அழுவாங்கம்மா. ஆலங்கட்டின்னா இன்சூரன்ஸ் இருந்துச்சான்னு கேப்பாங்க."

எதிரே இருந்த கறிக்கடை கார்லின் சிரித்தான். "விடு ஒட்டாவியா. உங்கப்பா இல்லேன்னா இந்த ஊருக்கு எவன் வருவான்? அந்த மனுசனுக்குச் சிலையே வைக்கலாம்."

"வை. உப்புலயே வை. மொத மழைக்குக் கரைஞ்சிடும், உனக்கும் செலவில்ல." அவள் ரெமிஜியோவை விடவில்லை. "நீங்களும் போயிட்டா சொல்ல ஆளில்லண்ணே. எல்லாரையும்விட உங்க கொரல்தான் ஒசந்து கேட்டுச்சுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"நானா? நான் அன்னிக்கு வாயே தொறக்கல. கத்தினவன் எவன்னு கடவுளுக்குத்தான் தெரியும். ஆட்டத்தக் கெடுக்காத, போ."

ஞாயிற்றுக்கிழமை சதுக்கம் நிறைந்திருந்தது. மடியில் புத்தகம், கையில் கோப்பை. ரெமிஜியோ மேடையில் காட்டிக்கொடுக்கும் பகுதியை வாசிப்பார். வாசித்து முடித்ததும், கூண்டின் வாசலில் நிற்கும் ஒட்டாவியா மணியடிக்க வேண்டும். அப்பாவின் துரோகத்தை மகளே வருஷா வருஷம் நடித்துக் காட்டுவது அதுவரை யாருக்கும் கூச்சமாகத் தோன்றவில்லை. சாவி அவளிடம்தானே இருக்கிறது?

உப்பு மூட்டை வரைக்கும் வந்த ரெமிஜியோ சட்டென்று நிறுத்தினார். மேற்கைப் பார்த்தார். உச்சி வெள்ளை, அடிவயிறு பச்சை. அவருடைய சரிவில் ஆலங்கட்டி வலைகூடக் கட்டியிருக்கவில்லை. வலை கட்டினால் புகைப்படத்தில் அழகு கெடுகிறதாம். கையிலிருந்த புத்தகம் விழுந்தது.

"அடி! அடிய்யா கௌதென்சியோ! கொடியெல்லாம் போச்சு! பயலுங்களுக்குத் தெரியும், அவனுங்க வரமாட்டானுங்க, நீ அடிய்யா!"

உள்ளூர்க்காரர்கள் நாங்கள் எங்கள் செருப்புகளைப் பார்த்தோம். ஒட்டாவியா கயிற்றைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது சொல்லமாட்டார்களா என்று ஆயுள் முழுக்க அவள் காத்திருந்த வார்த்தை அது. ஒலிபெருக்கியிலேயே வந்துவிட்டது.

பிறகு மிலானோவிலிருந்து வந்த ஒரு பெண் கை தட்டினாள். அடுத்தவர் தட்டினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். இந்த வயதில் என்ன நடிப்பு என்று பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நடிப்பில்லீங்க! நெசமாத்தான் சொல்றாரு! கேளுங்களேன்!" என்று ஒட்டாவியா கத்தினாள். அதற்கும் தட்டினார்கள்.

அவள் கயிற்றை விட்டுவிட்டு, கூண்டைப் பூட்டிவிட்டு, வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் ஆலங்கட்டி பிடித்துக்கொண்டது. மேடைக் கோப்பைகளில் தொடங்கி ரெமிஜியோவின் சரிவு வரைக்கும் எதையும் விட்டுவைக்கவில்லை.

மறுநாளே சாராயக்கடையில் தீர்ப்பு வந்துவிட்டது. "அடிச்சிருந்தா கலைஞ்சிருக்கும். வேணும்னே விட்டா. அப்பன் அடிச்சுக் கெடுத்தான், பொண்ணு அடிக்காம கெடுத்தா" என்றான் கார்லின். அந்த வாரமே சாவியையும் துடைப்பத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அன்று மேடையில் தான் என்ன கத்தினார் என்பது நினைவில்லை என்கிறார் ரெமிஜியோ. ஆனால் வந்தவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனதால், இந்த வருஷம் அந்தக் கத்தலுக்கென்றே ஆல்பாவிலிருந்து ஒரு நடிகரை அழைத்திருந்தார்கள். நன்றாகத்தான் கத்தினார்.

போன வாரம் மளிகைக்கடையில் ஒட்டாவியாவைப் பார்த்தேன். வீட்டுப் படியில் பனி உறைகிறதென்று ஒரு பொட்டலம் உப்பு கேட்டாள். கடைக்காரி சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். கஷ்டப்பட்டுத்தான்.