அக்காவுக்கு எழுதிய பதில்

அக்காவிடமிருந்து இன்லண்டு லெட்டர் வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளைப் புதியம்புத்தூரில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அத்தான் அங்கே ரெடிமேட் சட்டை தைக்கும் யூனிட் வைத்திருந்தார். "அப்பா, அவிய கை நீட்டுதாவ. நான் வீட்டுக்கே வந்திருதேன்" என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான்.

"அவ வரட்டும்" என்றாள் அம்மா. அப்பா காதில் வாங்கவில்லை. மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் என்னிடம் திரும்பினார்.

"ஏட்டி, நீதான் கட்டுரைப் போட்டியில பரிசெல்லாம் வாங்குதியே. அவ மனசு மாறுத மாதிரி ஒரு லெட்டர் எழுது. நான் எழுதுனா கோவத்துல எழுதுதேன்னு நினைப்பா."

மாட்டேன் என்று சொல்லலாம் என எனக்குத் தோன்றவே இல்லை. என்னால் முடியும் என்ற பெருமைதான் இருந்தது.

கட்டுரை எழுதும் முறை எனக்கு அத்துப்படி. சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பத்திக்கு ஒரு காரணம். படிப்பவருக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று. எதிர்த்து என்ன கேட்பார்கள் என்று யோசித்து, நாமே கேட்டு நாமே பதில் சொல்லிவிட வேண்டும். பலமான காரணத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியே செய்தேன். கொஞ்ச நாள் பொறுத்திரு என்று தொடங்கினேன். இரண்டு முறை பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போயும் புருஷனிடமே திரும்பி வந்து, இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட பக்கத்து வீட்டு அத்தையை உதாரணம் காட்டினேன். 'அடிக்கிறவரோடு எப்படி இருப்பது என்று நீ கேட்பாய்' என்று எழுதி, பிள்ளை பிறந்தால் மாறிவிடுவார் என்று பதிலும் எழுதினேன். 'நீ வந்துவிட்டால் என்னை யார் பெண் கேட்டு வருவார்கள்?' என்று முடித்தேன். எங்கே அடித்தார், வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்று ஒரு வரி கேட்கவில்லை.

அப்பா இரண்டு முறை படித்தார். "நல்லா எழுதியிருக்க" என்று தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

அக்கா வரவில்லை. 'சரி' என்று ஒரு கார்டு வந்தது.

இரண்டு வருடம் கழித்து, சித்திரை வெயிலில் நடந்த என் கல்யாணத்துக்கு மணிக்கட்டு வரை மூடிய ஜாக்கெட் போட்டு வந்தாள். "இதென்னக்கா?" என்று கையைத் தொட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மாலையும் கழுத்துமாக இருந்த நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

அம்மா இறந்து, காரியமெல்லாம் முடிந்து அவளைப் பஸ் ஏற்றப் போனபோதுதான் கேட்டேன். "அன்னைக்கு நீ வந்திருக்கலாம்லாக்கா?"

"உன் லெட்டரை எத்தனையோ தடவ படிச்சேன்ட்டி. எதுக்குமே எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அதான் இருந்துட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. தங்கச்சி எப்படி எழுதுகிறாள் என்று பாராட்டுவதுபோலத்தான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இப்பவாவது எங்கூட வந்துரு அக்கா."

"பிள்ளைய ரெண்டும் அங்கனதான படிக்குதுவ. இனி எங்க வர?"

பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் அதட்டிய பிறகுதான் விட்டேன்.